மேட்டு வீட்டுக்கு ஆள் கேட்டவள்

அந்தக் கோடையில் அறுபது கட்டில் போட்டுத் தயாராக இருந்த வீட்டில் பதினொரு பேர்தான் இருந்தார்கள். அந்தப் பதினொரு பேரும் புதிதாக வந்தவர்கள் அல்ல. போக்கிடம் இல்லாமல் முன்பே அங்கே கிடந்தவர்கள்.

அமெரிக்காவின் மினசோட்டாவில் எங்கள் மாவட்டமான வில்லோ கவுண்டியின் முதியோர் இல்லம் திறந்தது 1956இல். கவுண்டி மக்களின் நிலவரியில் கட்டியது. அகலமான கதவுகள், சக்கர நாற்காலி ஏறச் சரிவான வழி, ஒவ்வொரு அறையிலும் தெற்குப் பார்த்த ஜன்னல். தோரா ஹௌகனை நிர்வாகியாகப் போட்டார்கள். நாற்பத்து நாலு வயது. மணமாகாதவள். போர்க்காலத்தில் ராணுவ மருத்துவமனையில் நர்ஸாக இருந்தவள்.

கட்டடம் புதிது, இடம் பழையது. அதே மேட்டில்தான் கவுண்டியின் ஏழைப் பண்ணை இருந்தது. கடன்பட்டவன், பிள்ளை இல்லாதவன், புத்தி சரியில்லாதவன் எல்லோரையும் அங்கே கொண்டுபோய் விடுவார்கள். மாடு கறந்து, உருளைக்கிழங்கு தோண்டி, அந்த வேலைக்குச் சோறு தின்றுகொண்டு சாகும்வரை இருக்கலாம். செத்தால் பின்பக்கச் சரிவில் புதைத்து எண் வெட்டிய கல் ஒன்றை நடுவார்கள். பெயர் வெட்டக் கூலி அதிகம். எங்கள் பக்கம் பிள்ளைகள் பாலைக் கொட்டினால்கூட, "இப்படியே பண்ணு, கடைசியில மேட்டுக்குத்தான் போவே" என்பார்கள்.

தோராவின் தாய்மாமன் செவரின் அப்படிப் போனவர். அவளுக்கு அப்போது ஒன்பது வயது. ஷெரிப் வண்டியோடு வந்தார். மாமா வேலிக்கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார்கள். தோரா அதைப் பார்த்தாள். யாரிடமும் அதைப் பற்றி அவள் பேசியதில்லை. ஆனால் நிர்வாகியாக வந்த முதல் வாரம் அவள் செய்தவை எல்லாம் அதிலிருந்து வந்தவை என்பது எங்களுக்குத் தெரியும். பண்ணையின் மணியை இறக்கிக் கொட்டகையில் போட்டாள். அறைக் கதவுகளின் வெளித்தாழ்ப்பாள்களைக் கழற்றச் சொன்னாள். பதினொரு பேரையும் உட்காரவைத்து, இனி யாரும் சோற்றுக்காக வேலை செய்ய வேண்டியதில்லை என்றாள்.

ஆன்டன் வ்ரானா அங்கே முப்பது வருடமாக மாடு கறந்தவர். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "அப்போ மாட்டை யார் கறக்குறது?"

"ஆள் போடுவோம்."

"அவனுக்கு அந்தச் சிவப்பு மாட்டைத் தெரியுமா? உதைக்கும்." எழுந்து கொட்டகைக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகும் சாகும்வரை அவர்தான் கறந்தார். தோரா அதைத் தடுக்கவில்லை. கூலி மட்டும் கொடுக்கவைத்தாள்.

இன்னொரு விதியும் வைத்தாள். உதவிக்கு வந்த பெண்களிடம் சொன்னாள்: "யாரையும் இழுத்துட்டு வரக்கூடாது. ஒரு தடவை கேளுங்க. வேண்டாம்னா தொப்பியைப் போட்டுக்கிட்டு வந்துடுங்க. அவங்க வேண்டாம்னா வேண்டாம்தான்."

கவுண்டி சபைத் தலைவர் ஹரால்ட் மிக்கெல்சனும் அவளும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். ஹரால்ட் கெட்டவர் இல்லை. வரி கட்டும் விவசாயிகள் பால் நிலையத்தில் அவர் சட்டையைப் பிடித்துக் கேட்டார்கள். அவர் தோராவைக் கேட்டார்.

"காலிக் கட்டிலுக்கெல்லாம் கரி எரிச்சுக்கிட்டிருக்கோம், தோரா. கட்டிலுக்குக் குளிருமா என்ன?"

"ஆள் வருவாங்க."

"எப்போ? நவம்பர்ல சபை கூடுது. அதுக்குள்ள பாதியாவது நிரம்பணும். முப்பது பேர். இல்லேன்னா மினியாபொலிஸ்ல ஒருத்தர் விலைக்குக் கேக்குறார். வித்துடலாம்னு எல்லாரும் சொல்றாங்க."

"வித்தா என்ன ஆகும்? அவர் காசு இருக்கிறவங்களைத்தான் சேர்த்துக்குவார். ஆன்டன் எங்கே போவார்?"

"வேற கவுண்டி எதுலயாவது பழைய பண்ணை இருக்கும்."

தோரா மறுநாளிலிருந்து தன் பழைய செவர்லே காரில் வீடு வீடாகப் போகத் தொடங்கினாள்.

முதியவர்களுக்குக் குறைவில்லை. கணவர் போய், பிள்ளைகள் நகரத்துக்குப் போய், மாடிப்படி ஏற முடியாமல் சமையலறையிலேயே கட்டில் போட்டுப் படுத்தவர்கள் ஒவ்வொரு சாலையிலும் இருந்தார்கள். தெற்குச் சாலையின் கோடியில் இங்வால்ட் ருஸ்டன் இருந்தார். கல்யாணம் செய்யாதவர். அண்ணனும் அவருமாக நாற்பது வருடம் மாடு வைத்திருந்தார்கள். அண்ணன் இறந்து இரண்டு வருடம். அவருடைய இடது கால் வீங்கியிருந்தது. பூட்ஸின் நாடாவைக் கட்டாமல் விட்டிருந்தார்.

"ஹௌகன் பொண்ணா? வா, உக்காரு. காபி குடிக்கிறியா?"

"வேண்டாம் இங்வால்ட். வீட்டுலயே குடிச்சுட்டு வந்தேன்."

"ஒரு வாய் குடி."

"உங்களுக்கு எதுக்குச் சிரமம்."

"அடுப்புல சும்மாதானே இருக்கு."

"சரி, அரைக் கோப்பை."

அவர் கோப்பை நிறைய ஊற்றினார். அவள் முழுவதும் குடித்தாள். வைக்கோல் பற்றியும் மழை பற்றியும் பேசினார்கள். பிறகு அவள் வந்த விஷயத்தைச் சொன்னாள்: மேட்டில் புது வீடு, தெற்கு ஜன்னல், காலுக்கு மருந்து போட நர்ஸ், மூன்று வேளையும் சூடான சாப்பாடு.

"வந்து இருக்கீங்களா?"

இங்வால்ட் ஜன்னல் பக்கம் பார்த்தார். "வேண்டாம் வேண்டாம். எனக்கென்ன, சமாளிச்சுக்கிறேன்."

தோரா தலையாட்டினாள். காபிக்கு நன்றி சொல்லிவிட்டு எழுந்து போனாள். அவர் வாசல்வரை வந்து, கார் சாலையில் திரும்பும்வரை நின்றார்.

ஒவ்வொரு வீட்டிலும் இதே கதை. காபி, கேக் அல்லது உருளைக்கிழங்கு மாவில் சுட்ட லெஃப்சே, பிறகு வேண்டாம். ஹரால்டின் தாய் ராக்னா மிக்கெல்சனும் அப்படித்தான் சொன்னாள். எண்பத்தொரு வயது. கண்ணில் புரை. உப்பு என்று நினைத்துச் சோடா மாவைப் போட்டுச் சமைத்துக்கொண்டிருந்தாள். "நான் நல்லாத்தான் இருக்கேன், தோரா. வேண்டாம். யாருக்காவது தேவைப்படும், அவங்களுக்குக் கொடு." ஆகஸ்ட் முடிந்தபோது தோரா நாற்பது வீடுகளுக்கு மேல் கேட்டிருந்தாள். நான்கு பேர் வந்தார்கள். எங்கள் பக்கம் பெரும்பாலும் நார்வேயிலிருந்து வந்த குடும்பங்கள்; வந்த நால்வரும் நார்வேக்காரர்கள் அல்ல.

சமையல்காரி பெர்னிஸ் கோவால்ஸ்கி ஒவ்வொரு நாளும் அறுபது பேருக்கான பெரிய பானையில் பதினைந்து பேருக்குச் சூப் வைத்தாள். "கரண்டி அடியில போய் முட்டிட்டு வருது," என்றாள். தோரா சிரிக்கவில்லை.

அக்டோபரில் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் காபி நேரத்தில் ஹரால்ட் அவள் அருகில் வந்து நின்றார். "எத்தனை பேர்?"

"பதினைந்து."

"அட, ஆளுக்கு நாலு போர்வை போட்டுக்கலாமே."

பக்கத்தில் நின்ற ஆண்கள் சிரித்தார்கள். தோரா கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வெளியேறினாள். அன்று காரில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள் என்று பிறகு ஒருத்தி சொன்னாள். அவள் யோசித்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும்: மேட்டின் பெயர் போகவே போகாது. செவரினின் விரல்களை இந்தக் கவுண்டி மறக்கவில்லை. அது நியாயமும்தான்.

நவம்பர் முதல் வாரம் பனி விழுந்தது. பால் லாரி ஓட்டுகிறவன் இல்லத்துக்குப் பாத்திரம் எடுக்க வந்தபோது, தெற்குச் சாலைக் கோடியில் புகைபோக்கியில் புகையே இல்லை என்றான்.

"இங்வால்ட் வீடா? காலையில பால் கேன் வெச்சிருந்தாரா?"

"கேனா? அவர் மாட்டையெல்லாம் ஜூலையிலயே வித்துட்டாரே. தெரியாதா?"

தோராவுக்குத் தெரியாது. எங்கள் பக்கம் விவசாயி மாட்டை இரண்டு காரியத்துக்குத்தான் விற்பான். ஒன்று சாவதற்கு, இன்னொன்று வேறு ஊர் போவதற்கு.

அவள் போனபோது கதவு திறந்தே இருந்தது. இங்வால்ட் சமையலறை நாற்காலியில் மேல்கோட்டும் தொப்பியும் போட்டு உட்கார்ந்திருந்தார். அடுப்பில் சாம்பல். விறகுக் கொட்டகைக்கு நடக்க அவரால் முடியவில்லை. வீங்கிய கால் ஒரு பெட்டியின் மேல் நீட்டியிருந்தது. பயணப் பெட்டி. தோல் வாரால் இறுக்கிக் கட்டியது. பக்கத்தில் தேவாலயத்துக்குப் போடும் காலணிகள், காகிதத்தில் சுற்றி வைத்திருந்தன.

தோரா முதலில் விறகு கொண்டுவந்து அடுப்பை மூட்டினாள். காலைப் பார்த்தாள். கருக்கவில்லை; காலைக் காப்பாற்ற இன்னும் நாளிருந்தது. பிறகு பெட்டியைப் பார்த்தாள்.

"எங்கே கிளம்பியிருக்கீங்க? டகோட்டாவுல உங்க அக்கா மகன் வீட்டுக்கா?"

"எங்கேயும் இல்ல."

"பெட்டி கட்டியிருக்கீங்களே."

"அது கட்டி ரொம்ப நாளாச்சு."

"எப்போ கட்டினீங்க?"

இங்வால்ட் அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நீ வந்துட்டுப் போன மறுநாள். மாட்டையும் வித்துட்டேன். மேட்டுல வெச்சுக்க முடியாதே."

தோரா எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நீங்க வேண்டாம்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் நீ திரும்ப வரவே இல்லையே." அவர் குரலில் கோபம் இல்லை. கொஞ்சம் வருத்தம் இருந்தது, விருந்துக்குக் கூப்பிடாமல் விட்டவர்களிடம் இருப்பது போல. "முதல் தடவை கேக்கும்போது மனுஷன் வேற என்ன சொல்லுவான்? சரின்னு எழுந்து கூட வந்துடுவானா? பாக்குறவங்க என்ன நினைப்பாங்க?"

அடுப்பில் விறகு வெடித்தது. தோரா இன்னொரு கட்டையை உள்ளே தள்ளினாள். பிறகு இங்வால்டுக்குத் தான் வீட்டுக்காரன் என்பது நினைவுக்கு வந்தது.

"காபி குடிக்கிறியா?"

"வேண்டாம்."

"ஒரு வாய்."

"இங்வால்ட், உங்க வீட்டுல காபித்தூள் இருக்கா?"

"இல்ல," என்றார். "ஆனாலும் கேக்கணுமே."

அவள் சிரித்தாள். அந்த வருடம் அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை. இங்வால்டுதான் பிறகு அதை எல்லோரிடமும் சொன்னார். சிரித்து முடித்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, முதல் தடவை வந்தவள் போலவே கேட்டாள்.

"மேட்டுக்கு வந்து இருக்கீங்களா?"

"வேண்டாம். உனக்கு எதுக்குச் சிரமம்."

"ஒரு சிரமமும் இல்ல. வாங்க."

"அந்தக் கட்டில் யாருக்காவது தேவைப்படும்."

"நாப்பத்தஞ்சு கட்டில் காலியா இருக்கு. வாங்க, இங்வால்ட்."

அவர் தொப்பியைச் சரிசெய்தார். "சரி. நீ இவ்வளவு சொல்றதனால. கொஞ்ச நாள் இருந்து பாக்குறேன்."

அவள் பெட்டியைத் தூக்கிக் காரில் வைத்தாள்.

அன்று மாலை சமையலறையில் பெர்னிஸிடம் இதைச் சொன்னபோது அவள் கரண்டியைப் பானையில் போட்டுவிட்டு இடுப்பில் கை வைத்தாள். "இதைத்தான் கண்டுபிடிச்சீங்களா? நீங்க இந்த ஊர்லயே பொறந்தவங்க! நான் கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்த புதுசுல எங்க வீட்டுக்கு வந்தவங்க எல்லாரும் பட்டினியாவே திரும்பிப் போனாங்க. நாங்க போலிஷ்காரங்க. ஒரு தடவை கேப்போம். வேண்டாம்னா தட்டை எடுத்துடுவோம். என் மாமியார் ஒரு மாசம் என்கூடப் பேசல."

"எனக்குக் காபின்னா தெரியும்," என்றாள் தோரா. "இதுவும் காபி மாதிரின்னு தோணல."

உண்மையில் அவளுக்குத் தோன்றாமல் போனதற்கு வேறு காரணம் இருந்தது. இரண்டாவது முறை கேட்பது அவளுக்கு இழுப்பது போல இருந்தது. மூன்றாவது முறை கேட்பது விரலைப் பிரிப்பது போல. கோடை முழுவதும் மரியாதை என்று நினைத்து அவள் செய்தது, கேட்கப்பட்டவர்களுக்கு ஒப்புக்குக் கேட்டதாகத் தெரிந்திருக்கிறது. ஒரு தடவை மட்டும் கேட்டுவிட்டுப் போகிறவள் உள்ளூர வரவேண்டாம் என்று நினைக்கிறாள், அவ்வளவுதான்.

மறுநாளே விதியை மாற்றினாள். மூன்று தடவை. மூன்றாவது வேண்டாம்தான் வேண்டாம். அதற்கு மேல் ஒரு வார்த்தை கூடாது.

சபை கூட இரண்டு வாரம்தான் இருந்தது. சாலையில் பனி. அவள் அதே வீடுகளுக்குத் திரும்பப் போனாள். சில வீடுகளில் உட்காருவதற்குள்ளேயே இரண்டு 'வேண்டாம்'களையும் சொல்லி முடித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்கள். ஒரு வீட்டில் அலமாரி ஏற்கெனவே காலியாக இருந்தது. இன்னொரு வீட்டுக்காரி பூனையைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்து இரண்டு மாதமாகியிருந்தது. எல்லோரும் வரவில்லை. மேற்குச் சாலையில் கெர்டா நில்சன் மூன்றாவது தடவையும் தலையை ஆட்டினாள். "மூணு தடவையும் வேண்டாம்னுதான் சொல்றேன், தோரா. எனக்கும் எண்ணத் தெரியும்." தோரா அவளோடு கைகுலுக்கிவிட்டு வந்தாள். கெர்டா அந்த வீட்டிலேயே இருந்து அந்த வீட்டிலேயே இறந்தாள். அது அவள் விருப்பம்.

ராக்னா மிக்கெல்சனிடம் இரண்டாவது தடவை புதன்கிழமை கேட்டாள். "ஐயோ, எனக்கெதுக்கு," என்றாள் ராக்னா. மூன்றாவது தடவை ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்தின் கீழ்த்தளத்தில், காபிப் பாத்திரத்தின் முன்னால். சுற்றிலும் ஆள். தோரா வேண்டுமென்றே அப்படிச் செய்தாளா என்று கேட்டால், அங்கேதான் ராக்னாவைப் பார்க்க முடிந்தது என்பாள்.

"சரி," என்றாள் ராக்னா. "நீ இவ்வளவு வற்புறுத்தினா."

ஹரால்டின் கையிலிருந்த கேக் பாதியில் நின்றது. "அம்மா! மேட்டுக்கா?"

"ஆமா."

"என் வீட்டுக்கு வந்து இருங்கன்னு நான் கேட்டேனே!"

"கேட்டே," என்றாள் தாய். "ஒரு தடவை."

ஹரால்டின் மனைவி கேக் வெட்டுவதில் மும்முரமாக இருந்தாள்.

ராக்னாவை அடுத்த திங்கள் தானே கொண்டுவந்து விடுவதாக ஹரால்ட் சொன்னார். திங்கள் வந்தது, பனி அதிகம் என்றார். செவ்வாய்க்கிழமை சபை கூடியது.

நீதிமன்றக் கட்டடத்தின் மாடியில் சபை உறுப்பினர்கள் நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் விவசாயிகள். தோரா சுவரோர நாற்காலியில். அவளுக்குப் பக்கத்தில் நல்ல கோட்டுப் போட்ட ஒருவர். அவர்தான் பென்ரோஸ், மினியாபொலிஸிலிருந்து ரயிலில் வந்தவர்.

"இல்லத்துல இப்போ எத்தனை பேர், மிஸ் ஹௌகன்?" என்றார் ஹரால்ட். கூட்டத்தில் மட்டும் மிஸ் ஹௌகன்.

"இருபத்தொன்பது."

"முப்பதுன்னு பேச்சு."

"முப்பதாவது ஆள் சம்மதிச்சாச்சு. மகன்தான் இன்னும் கொண்டுவந்து விடல."

யாரோ இருமினார்கள். ஹரால்டின் காது சிவந்தது. "கட்டில்ல இருக்கிறவங்களைத்தான் எண்ண முடியும்," என்று சொல்லி, பென்ரோஸைப் பார்த்து, அவர் பேசலாம் என்றார்.

பென்ரோஸ் நன்றாகப் பேசினார். தான் தரும் விலையைச் சொன்னார். நியாயமான விலைதான், கேட்டவுடன் மேசையைச் சுற்றி எல்லோர் முகமும் கொஞ்சம் இளகியது. "கவுண்டி விற்கச் சம்மதமா?" என்று கேட்டார்.

ஹரால்ட் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "அது... வேண்டாம்னுதான் தோணுது. எங்களுக்கு இதுவே போதும்."

மற்றவர்கள் மெதுவாகத் தலையாட்டினார்கள். ஒருவர் கூரையைப் பார்த்தார்.

பென்ரோஸ் வியப்படைந்தார். முன்னால் வந்த கடிதங்களில் அவர்கள் இப்படிச் சொல்லவில்லை. "மாட்டுக் கொட்டகையையும் நிலத்தையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன்," என்றார். "விலையையும் அதற்கேற்பக் கூட்டித் தருகிறேன்."

"சேச்சே," என்றார் ஹரால்ட். "உங்களுக்கு எதுக்கு அவ்வளவு சிரமம்."

எல்லோரும் காத்திருந்தார்கள். ஓர் உறுப்பினர் ஏற்கெனவே பேனாவை எடுத்து வைத்திருந்தார். தோரா மடியில் இருந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பென்ரோஸ் பெட்டியை மூடினார். "உங்கள் மனம் புரிகிறது. முதியவர்களைப் பிறர் கையில் விட மனமில்லை. மதிக்கிறேன். நேரம் கொடுத்ததற்கு நன்றி." எழுந்து ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தார். அவர்கள் கொடுத்தார்கள். வேறு என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. கடிகாரத்தைப் பார்த்து, "அடுத்த ரயில் எப்போது?" என்று கேட்டார்.

தோரா எழுந்தாள். "ஸ்டேஷன் வரைக்கும் நான் கொண்டுபோய் விடட்டுமா?"

"மிக்க நன்றி," என்று பென்ரோஸ் உடனே மேல்கோட்டை எடுத்துக்கொண்டார்.

அவள் ரயில் கிளம்பும்வரை நடைமேடையில் நின்றாள். திரும்பி வந்தபோது சபை அப்படியே உட்கார்ந்திருந்தது.

"போயிட்டாரா?" என்றார் ஹரால்ட்.

"போயிட்டார். நீங்கதானே வேண்டாம்னீங்க."

"ரெண்டு தடவைதானே சொன்னேன்!"

"அவர் நகரத்துக்காரர், ஹரால்ட். அவருக்கு அது போதும்."

மேசைக் கோடியில் யாரோ அடக்க முடியாமல் சிரித்துவிட்டார்கள். ஹரால்ட் முன்னால் இருந்த காகிதங்களை அடுக்கினார். ஒரு தந்தி அடித்திருந்தால் பென்ரோஸ் மறுநாளே திரும்பி வந்திருப்பார். ஆனால் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தானே போய்க் கேட்பது எங்கள் பக்கம் யாரும் செய்கிற காரியம் இல்லை. தன் தாய் மேட்டுக்குப் போகிறாள் என்பதும் ஹரால்டின் மனத்தில் இருந்ததா, அந்த இரண்டு வேண்டாமும் மரியாதைக்குச் சொன்னவைதானா, அவர் யாரிடமும் சொன்னதில்லை. கடைசியில், "சரி, அடுத்த வருஷத்துக்கான செலவை எடுத்துக்குவோம்," என்றார். கைகள் உயர்ந்தன.

மறுநாள் காலை பனி அப்படியேதான் இருந்தது. ஹரால்ட் தாயைக் கொண்டுவந்து விட்டார். அவள் உப்பு, சோடா மாவு டப்பாக்களையும் கூடவே கொண்டுவந்தாள். பெர்னிஸ் அவற்றைப் பிடுங்கிக்கொண்டாள்.

தோரா அந்த இல்லத்தை இருபத்திரண்டு வருடம் நடத்தினாள். கொதிகலன் இரண்டு முறை வெடித்தது. ஒவ்வொரு நவம்பரிலும் வரி பற்றிய சண்டை வந்தது. உதவிப் பெண்கள் அறுவடைக்கு லீவு கேட்டார்கள். அவள் திட்டிக்கொண்டே கொடுத்தாள். பின்பக்கச் சரிவில் இருந்த எண் கற்களுக்குப் பெயர் தேடிப் பிடித்து வெட்டவைத்தாள். செவரினின் கல்லுக்குக் கடைசியாகத்தான் வெட்டினாள். சில கற்களுக்குப் பெயர் கிடைக்கவில்லை. அவை எண்ணாகவே இருக்கின்றன.

கொஞ்ச நாள் இருந்து பார்க்க வந்த இங்வால்ட் ஒன்பது வருடம் இருந்தார். பெட்டியை அவிழ்க்கவே இல்லை. கட்டிலுக்கு அடியில் வார் கட்டியபடியே வைத்திருந்தார். சட்டை வேண்டுமென்றால் பக்கவாட்டில் கையை விட்டு உருவிக்கொள்வார். "யாராவது கட்டில் கேட்டா நான் கிளம்பணுமில்ல," என்பார்.

சாப்பாட்டு அறையில் காபிப் பாத்திரம் மூன்று சுற்று வரும். ஒருமுறை தலைநகரிலிருந்து சோதனைக்கு வந்த அதிகாரி அதைப் பார்த்து, வேண்டாம் என்று சொன்னவர்களை ஊழியர்கள் தொந்தரவு செய்கிறார்கள் என்று குறை சொன்னார். தோரா அவரை ஒரு மேசையில் உட்காரவைத்து, மூன்றாவது சுற்று முடியும்வரை பார்க்கச் சொன்னாள். முடிந்தபோது அந்த அறையில் காபி ஊற்றாத கோப்பை ஒன்றே ஒன்றுதான். அது மூன்று தடவையும் வேண்டாம் என்ற அதிகாரியுடையது.

அவள் ஓய்வு பெற்று, அப்பாவின் வீட்டில் தனியாக இருந்து, எழுபத்தெட்டாவது வயதில் இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டாள். அப்போதைய நிர்வாகி அயோவாவிலிருந்து வந்த இளம்பெண், டீனா ராபின்ஸ். வேலையில் சேர்ந்த முதல் நாளே பழைய ஊழியர்கள் அவளுக்கு மூன்று தடவை விதியைச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். தோராவின் சமையலறையில் உட்கார்ந்து காபி குடித்தாள். காபியை அவள் முதல் கேள்வியிலேயே வாங்கிக்கொண்டாள்; தோரா அதைக் கவனித்தாள்.

"மிஸ் ஹௌகன், மேட்டுக்கு வந்து இருக்கீங்களா?"

"சரி," என்றாள் தோரா.

டீனா திகைத்துப்போனாள். இப்படி நடக்கும் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. கதவருகில் பெட்டி கட்டித் தயாராக இருந்தது. அவள் பெட்டியைப் பார்த்தாள், தோராவைப் பார்த்தாள், எதற்கும் இருக்கட்டும் என்று மீதி இரண்டு தடவையும் கேட்டுவிட்டுத்தான் அதைத் தூக்கினாள்.